சத்திரம் கட்டிய ராஜாவின் பாண்டு

ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரத்தைப் பார்த்தவர்கள், இரண்டாம் சரபோஜியைத் தர்மப்பிரபு என்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள். ராமேசுவர யாத்திரிகர்களுக்குச் சோறு போட்ட இடம் அல்லவா? அந்த மகாராஜா பாண்டுப் பித்துக் கொண்டவரும்கூட.

1798-இல் பட்டத்துக்கு வந்தார். மறு வருஷமே ராஜ்ய நிர்வாகம் கும்பினியிடம் போயிற்று. தஞ்சைக் கோட்டைதான் மிச்சம். ராஜ்யம் போன ராஜாக்கள் மதுவையும் சீட்டாட்டத்தையும் தேடிக்கொள்வார்கள். இவர் ஐரோப்பிய வாத்தியங்களைத் தேடினார். எவ்வளவோ மேல் என்பேன். அரண்மனையில் மேனாட்டு முறைப்படி ஒரு பாண்டு கோஷ்டி அமைந்தது. அவர் சேர்த்த இசைக் குறிப்புகள் சரஸ்வதி மகாலில் இன்றும் இருக்கின்றன.

வாத்தியங்கள் அரண்மனையோடு நிற்கவில்லை. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு பிடிலைக் கர்நாடக சங்கீதத்துக்கு வசப்படுத்தினார். திருவாங்கூர் சுவாதித் திருநாள் அவருக்குத் தந்தத்தால் ஆன பிடிலையே பரிசளித்தார். கிளாரினெட் சதிர்க் கோஷ்டியில் புகுந்தது.

1832-இல் சரபோஜி மறைந்தார். மகன் சிவாஜி 1855-இல் ஆண் வாரிசின்றி இறக்கவே, கும்பினி சமஸ்தானத்தையே விழுங்கிவிட்டது. அரண்மனைச் சம்பளத்தை நம்பியிருந்த வித்வான்கள் ஊர் ஊராகச் சிதறினார்கள். பாண்டு வாத்தியத்துக்குக் கல்யாண ஊர்வலம்தான் சோறு போட்டது. நான் சிறுவனாகப் பார்த்த ஊர்வலங்களில் மாப்பிள்ளையைப் பார்த்தவர்கள் கொஞ்சம். கிளாரினெட்டுக்காரர் பின்னால் நடந்தவர்களே அதிகம்.