உடைமை அமைப்பும் நிறுவன நிதியும் (கடலூர் மாவட்டம்)

ஒரு நிறுவனம் யார் கையில் இருக்கிறதோ, அதைப் பொறுத்தே அதற்குக் கடன் கொடுப்பவர் யார், எந்த நிபந்தனையில் கொடுப்பார், நட்டம் வந்தால் அது யார் தலையில் விழும் என்பவை முடிவாகின்றன. வரியும் திவால் செலவும் இல்லாத சந்தையில் கடனா பங்கா என்பது நிறுவன மதிப்பை மாற்றாது என்று 1958இல் மோடிலியானியும் மில்லரும் நிறுவினர். வளரும் நாடுகளின் சந்தை அப்படிப்பட்டதல்ல. கடலூர் மாவட்டம் ஒன்றே அதற்குப் போதிய சான்று.

1956இல் மத்திய அரசு தொடங்கிய நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியால் எழுந்தது. பின்னாளில் ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கி கடன் தந்தபோது இந்திய அரசு உத்தரவாதம் அளித்தது. உரிமையாளரின் கையெழுத்தே அங்கு அடமானம். அதே உரிமையாளருக்கு வேறு தேவைகளும் உண்டு. பொதுத்துறை நிறுவனங்களில் குறைந்தது 10 விழுக்காடு பொதுப்பங்கு வேண்டும் என்ற செபியின் அன்றைய விதிக்காக 2013இல் மத்திய அரசு தன் 93.56 விழுக்காட்டில் ஒரு பகுதியை விற்க முனைந்தது. தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். முடிவில் தமிழக அரசின் ஐந்து நிறுவனங்கள் 3.56 விழுக்காட்டைச் சுமார் 360 கோடி ரூபாய்க்கு வாங்கின. அதில் ஒரு ரூபாய்கூடச் சுரங்கத்துக்கு வரவில்லை. விற்றது அரசு, பணமும் அரசுக்கே போனது. பங்கு விற்பனை என்றாலே நிறுவனத்துக்கு முதலீடு என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

நாகார்ஜுனா குழுமமும் தமிழக அரசின் டிட்கோ நிறுவனமும் பங்கேற்ற கடலூர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கு அப்படியொரு உத்தரவாதம் இல்லை. வங்கிக் கடனை நம்பிக் கட்டப்பட்டுவந்த ஆலையை 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் தாக்கியது. வேலை நின்றது; கூடுதல் முதல் போட ஆளில்லை; விவகாரம் திவால் நடவடிக்கையில் போய் முடிந்தது. சிதம்பரம் அருகே பரங்கிப்பேட்டைப் பகுதியிலுள்ள ஐ.எல்.&எஃப்.எஸ். அனல்மின் நிலையமோ ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் 2018இல் தாய் நிறுவனம் சரிந்தபோது அதுவும் நெருக்கடிக்குள் இழுக்கப்பட்டது.

காரணம் துறைதான், உடைமையல்ல என்று இதற்கு மறுப்புச் சொல்லலாம். மின்கட்டண நிர்ணயத்தில் 70 பங்கு கடன், 30 பங்கு சொந்த முதல் என்பதை ஒழுங்குமுறை ஆணையமே அளவுகோலாக வைத்திருக்கிறது. மறுப்பில் பாதி உண்மை உண்டு. விகிதத்தைத் துறை வகுக்கலாம். அந்த 30 எங்கிருந்து வரும், 70ஐத் திருப்பிக் கட்ட முடியாதபோது யார் வந்து நிற்பார் என்பதை உடைமைதான் தீர்மானிக்கிறது.

சேத்தியாத்தோப்பு எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலை போன்றவற்றில் இது இன்னும் தெளிவு. கூட்டுறவின் பங்கு சந்தையில் விலைபோகாது; அதிகப் பங்கு வைத்தாலும் ஓட்டு ஒன்றுதான். வெளியார் முதல் போட வழியில்லாததால் அரசுக் கடனே கதி. அதுவும் தாமதமானால் எஞ்சுவது கரும்புப் பாக்கி. வெட்டிய கரும்புக்கு 14 நாளில் பணம் தர வேண்டும் என்கிறது 1966ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை. தனியார் ஆலைகளும் பாக்கி வைப்பதுண்டு. ஆனால் அவற்றுக்குப் பங்கை விற்கவோ குழுமத்திடம் கேட்கவோ வாய்ப்பிருக்கிறது. கூட்டுறவில் பாக்கிக்குக் காத்திருக்கும் விவசாயியே ஆலையின் பங்குதாரர். தன் ஆலைக்கே அவர் கடன் கொடுத்தவராகிறார்.