ஓர் இல்லத்துப் பிள்ளைகளின் பல்லும் முரசும்



ஆதரவற்ற பிள்ளைகளைப் பேணும் இல்லமொன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர், அதன் தாபகர் யார், கட்டடம் எழுந்த ஆண்டு எது, நன்கொடை ஈந்தோர் எவர் என்பனவற்றையே முதலில் தேடுவர். ஆயின், அங்கு வளர்ந்த பிள்ளைகள் எவ்வாறு பேணப்பட்டனர் என்பதை அறிய வேறோர் ஏடும் உண்டு. அது அப்பிள்ளைகளின் வாய். உண்ட உணவும், பெற்ற கவனிப்பும், பெறாத கவனிப்பும் பல்லிலும் முரசிலும் பதிந்துவிடுகின்றன. நூல்கள் ஈறு என்று கூறுவதையே நாம் முரசு என்கின்றோம். இத்தகைய ஏடொன்றைப் பல ஆண்டுகளாகத் தவறாது படித்துக் குறித்து வைத்த வரலாறு அவுஸ்திரேலியாவில் உண்டு. அதனையே இன்று உங்கள் முன் வைக்க விழைகின்றேன்.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், சிட்னி நகரின் தென்மேற்கே, மேட்டுநிலத்தில் அமைந்த சிற்றூர் பௌரல். அங்கு ஹோப்வூட் இல்லம் என்னும் மாளிகையில் 1942ஆம் ஆண்டில் குழந்தைகள் இல்லமொன்று தொடங்கப்பட்டது. தொடங்கியவர் எல். ஓ. பெய்லி என்னும் செல்வ வணிகர். அது உலகப் போர்க் காலம். தாயாரால் வைத்து வளர்க்க இயலாத நிலையிலிருந்த சிசுக்கள் அங்கு சேர்க்கப்பட்டனர். அவ்வாறு வளர்ந்தோர் எண்பதுக்கும் மேற்பட்டோர். அவர்களுட் பலர் பிறந்த சில நாள்களிலோ வாரங்களிலோ அவ்வீட்டினுட் புகுந்தவர்கள். வேறு வீட்டை அறியாதவர்கள்.

பெய்லி, உணவு மாற்றத்தினாலேயே தம் உடல்நலம் திரும்பியது என்று உறுதியாக நம்பியவர். அந்நம்பிக்கையையே இல்லத்தின் சமையற்கட்டுக்கும் விதியாக்கினார். இறைச்சி இல்லை, வெள்ளைச் சீனி இல்லை, வெள்ளை மாவுப் பாண் இல்லை. தவிடு நீக்காத கோதுமைப் பாணும் கஞ்சியும், பச்சையாகவும் சமைத்தும் காய்கறிகள், பழங்கள், உலர்ந்த பழங்கள், பால், வெண்ணெய், பாற்கட்டி, முட்டை ஆகியனவே உணவு. 

இத்தகைய இல்லங்களை ஆராய்ச்சியாளர் நாடிச் செல்வதற்குக் காரணம் வெளிப்படையானது. ஊரிலே நூறு வீடுகளில் நூறு வகைச் சமையல் நடக்கும். எந்தப் பிள்ளை எதனை உண்டது என்பதை யார் அளந்தறிவது? இல்லத்திலோ ஒரே பானை, ஒரே மணி, ஒரே பந்தி. இங்கிலாந்திலே மே மெலன்பி அம்மையார், உயிர்ச்சத்து டீ பற்களைக் காக்குமா என்பதை அறிய பர்மிங்காம் நகரத்துப் பிள்ளைகள் இல்லங்களையே தேர்ந்தார். 1936ஆம் ஆண்டில் அவ்வாய்வின் முடிவுகள் வெளியாயின. தாய் தந்தையர் அருகில் இல்லாத பிள்ளைகளே அறிவியலுக்கு எளிதில் வாய்த்தனர் என்பதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதி. அதனை மறைத்தல் ஆகாது.

ஹோப்வூட் இல்லத்திற்குச் சிட்னியின் பல் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தார் 1947ஆம் ஆண்டு முதல் சென்று, பிள்ளைகளின் வாயை ஒழுங்காகச் சோதித்து வந்தனர். பத்து ஆண்டுக் கவனிப்பின் முடிவிலே அவர்கள் கண்டது பல் மருத்துவ உலகை வியப்பில் ஆழ்த்தியது. பதின்மூன்று வயதில், சூத்தை கண்டதும் சூத்தையால் இழந்ததும் அடைத்துச் சீராக்கியதுமான பற்கள், இல்லத்துப் பிள்ளை ஒருவருக்குச் சராசரி 1.6. அதே வயதில் வெளியிலுள்ள பிள்ளைகளுக்கு அச்சராசரி 10.7. சூத்தையே இல்லாதவர் இல்லத்தில் நூற்றுக்கு 53 பேர். அரசாங்கப் பாடசாலைகளில் நூற்றுக்கு 0.4, அதாவது இருநூற்றைம்பது பிள்ளைகளுள் ஒருவர் மட்டுமே. அவ்விடத்து நீரிலும் உணவிலும் பல்லைக் காக்கும் புளோரைட்டு மிகக் குறைவாகவே இருந்தது என்பதையும் சேர்த்து நோக்கும்போது, சீனியும் மாவும் குறைந்த உணவின் வலிமை தெற்றெனப் புலப்படும்.

இவ்விடத்திலேயே கதையை நிறுத்திவிடுவோர் பலர். ஆனால் அதே ஏட்டில் மேலும் இரண்டு குறிப்புகள் உள்ளன.

முதலாவது, முரசைப் பற்றியது. அப்பிள்ளைகளின் வாய்ச் சுத்தம் குறைவாகவே காணப்பட்டது. கல்லாக இறுகும் காறை அரிதாகவே இருந்தபோதிலும், நூற்றுக்கு 75 பிள்ளைகளின் முரசுகள் அழற்சியுற்றிருந்தன. முத்துப் போன்ற பல்லைச் சுற்றிச் சிவந்து தடித்த முரசு! கடினமான பச்சைக் காய்கறிகளைக் கடித்து மென்றாலே வாய் தூய்மையாகிவிடும் என்னும் எண்ணம் நெடுங்காலம் பலரிடத்து நிலவியது. நாளும் பச்சைக் காய்கறி உண்ட அப்பிள்ளைகளின் முரசுகள் அவ்வெண்ணத்திற்குச் சான்று பகரவில்லை.

இரண்டாவது, காலத்தைப் பற்றியது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதை எய்தியபின் இல்லத்தோடும் அதன் உணவு விதியோடும் பிள்ளைகளுக்கிருந்த பிணைப்புத் தளர்ந்தது. உடனே சூத்தையும் விரைந்து பெருகத் தொடங்கியது. வெளியிலுள்ள பிள்ளைகளுக்கு எவ்வேகத்தில் பெருகுமோ அவ்வேகத்திலேயே பெருகிற்று. பன்னிரண்டு ஆண்டு நல்லுணவு பல்லுக்கு நிலையான கவசம் எதனையும் அளிக்கவில்லை என்பது இதனால் தெளிவாயிற்று. காத்து நின்றது சமையற்கட்டின் கதவு. கதவு திறந்ததும் காவலும் நீங்கியது.

பல் தப்பியிருக்க முரசு கெட்டது எவ்வாறு? சூத்தை உண்டாவதற்குச் சீனி வேண்டும். வாயிலுள்ள கிருமிகள் சீனியைப் புளிக்கச் செய்து அமிலமாக்க, அவ்வமிலம் பல்லின் மேற்பூச்சை அரிக்கின்றது. முரசின் நோய்க்கோ சீனி இன்றியமையாததன்று. பல்லும் முரசும் சேருமிடத்தில் படியும் கிருமிகளின் பசைப்படலம், பேச்சு வழக்கில் ஊத்தை என்கின்றோமே, அது அகற்றப்படாது கிடந்தாலே போதும்.

இதனை ஐயத்திற்கு இடமின்றி நாட்டியவர் ஹரால்ட் லோ என்னும் நோர்வே நாட்டு அறிஞர். டென்மார்க்கின் ஓர்ஹூஸ் நகரிலே, 1965ஆம் ஆண்டில் அவரும் அவர்தம் துணைவரும் வெளியிட்ட ஆய்வில், நலமான முரசுடைய பன்னிருவர் பல் தீட்டுவதை அறவே நிறுத்தினர். பத்து நாள் முதல் இருபத்தொரு நாளுக்குள் பன்னிருவருக்கும் முரசு அழற்சி கண்டது. மீண்டும் தீட்டத் தொடங்கினர். ஏறக்குறைய ஒரு வாரத்தில் முரசு பழைய நலத்தை எய்தியது. நோயைத் தந்ததும் தீர்த்ததும் நாளாந்தச் செயலொன்றே.

அந்த ஹரால்ட் லோ பின்னர் நம் நாட்டுக்கும் வந்தார் என்பதை நேயர்களுட் பலர் அறியாதிருக்கலாம். 1970ஆம் ஆண்டில் இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் இரண்டில், 14 வயது முதல் 31 வயது வரையான 480 ஆண் தொழிலாளரின் வாயைச் சோதித்து, அவர்களைப் பதினைந்து ஆண்டுகள் அவருடைய குழுவினர் தொடர்ந்து கவனித்தனர். பல் நோயைத் தடுக்கவோ தீர்க்கவோ எந்த ஏற்பாடும் அத்தொழிலாளரை அதுவரை எட்டியதில்லை. பல்லை முறையாகச் சுத்தஞ் செய்யும் வழக்கமும் அவர்களிடத்து இருக்கவில்லை. அவர்களுக்கும் சூத்தை இல்லையென்றே கூறலாம். ஆனால் முரசோ அனைவருக்கும் அழற்சியுற்றிருந்தது. 1986ஆம் ஆண்டில் வெளியான முடிவு இது: நூற்றுக்கு 8 பேருக்குப் பல்லைப் பற்றி நிற்கும் பகுதி விரைந்து அழிந்தது, 81 பேருக்கு மெல்ல மெல்ல அழிந்தது, 11 பேருக்கு மட்டும் நோய் அழற்சியோடு நின்றுவிட்டது. பல்லை இழந்தவர்கள் சூத்தையால் இழக்கவில்லை. முரசு நோயால் இழந்தனர்.

பௌரலிலே பிள்ளைப் பருவத்தில் கண்ட சிவந்த முரசு, கவனிப்பாரின்றி விடப்பட்டால் முதிர்ந்த வயதில் எங்கே கொண்டுபோய் நிறுத்தக்கூடும் என்பதை நம் தோட்டத் தொழிலாளரின் வாய்கள் உலகுக்குக் கற்பித்தன. பிள்ளைகளின் முரசு அழற்சி பெரும்பாலும் முற்றாக ஆறக்கூடியது. அதற்குள் எலும்பு அழிவதில்லை. ஆகவேதான் பிள்ளைப் பருவமே அதற்குரிய காலம்.

பாடசாலை அதிபராகப் பணியாற்றுகின்ற எனக்கு, இல்லமொன்றிலிருந்து படிக்க வரும் மாணாக்கர் சிலர் உளர். ஒருமுறை அவ்வில்லத்திற்குச் சென்றிருந்தபோது, கிணற்றடிச் சுவரின்மேல் ஒரு தகரப் பேணியில் இருபது, முப்பது பற்தூரிகைகள் ஒன்றாகச் செருகியிருக்கக் கண்டேன். சிறுவன் ஒருவனை, “தம்பி, இதில் உன்னுடையது எது?” என்று கேட்டேன். அவன் சற்றே தயங்கி, “முதலில் வருகிறவர்கள் நல்லதை எடுத்துக்கொள்வார்கள், சேர்” என்றான். அங்கு உணவுக்குக் குறையில்லை, உடைக்குக் குறையில்லை, நடத்துவோரின் அன்புக்கும் குறையில்லை. ஆயினும் அவன் சொன்ன விடையை நான் இன்றுவரை மறக்கவில்லை.

உணவை நூறு பேருக்கும் ஒருங்கே சமைத்துவிடலாம். நூறு வாயை ஒருங்கே தீட்டிவிட முடியாது. வீட்டிலே காலையில், “பல்லுத் தீட்டினாயா? வாயைக் காட்டு பார்ப்போம்” என்று கேட்பதற்குத் தாயோ பாட்டியோ இருக்கின்றார். இல்லத்துப் பிள்ளைக்கு அக்கேள்வியைக் கேட்பவர் யார்? ஹோப்வூட் வரலாறு நமக்கு விட்டுச் சென்ற வினா இதுவே என்பது என் கருத்து. இல்லத்தின் விதி பிள்ளையின் பழக்கமாக மாறவேண்டும். இன்றேல் வாசலைத் தாண்டும் நாளிலேயே அது கழன்றுவிடும்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. பிள்ளைக்கொரு தூரிகை, அதில் அப்பிள்ளையின் பெயர். ஒன்றோடொன்று முட்டாது, காற்றில் உலரும்படி அதற்கோர் இடம். நார் வளைந்தவுடன் புதியது. புளோரைட்டுக் கலந்த பற்பசை, சிறு பிள்ளைக்கு ஒரு பட்டாணியளவு. காலையிலும் படுக்கைக்கு முன்னும், பல்லும் முரசும் சேரும் ஓரத்தை மெதுவாகத் தீட்டுதல். ஏழு, எட்டு வயது வரை பெரியவர் ஒருவரின் கைத்துணை. இரத்தம் கசிந்தால் அஞ்சித் தீட்டாது விடுவது வழக்கம், அது தவறு. கசியும் முரசே கூடுதலான கவனத்தை வேண்டி நிற்கின்றது. மெதுவாகத் தீட்டியும் சில நாளில் ஆறாவிடின் பல் வைத்தியரிடம் காட்டவேண்டும்.

அடுத்த முறை நான் அவ்வில்லத்திற்குச் சென்றபோது, நடத்துவோர் சுவரிலே மரச்சட்டமொன்று அடித்திருந்தனர். தூரிகைகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெயர். அச்சிறுவன் என்னைக் கண்டதும் ஓடிவந்து, நான் கேளாமலே தன்னுடையதைத் தொட்டுக் காட்டினான்.