சாமை இறங்கி குச்சிக்கிழங்கு ஏறிய மலை

கொல்லிமலை என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது 70 கொண்டை ஊசி வளைவுகள், ஆகாய கங்கை அருவி, அப்புறம் கடையெழு வள்ளல்களில் ஒருவரான வல்வில் ஓரி. (தமிழ் வாத்தியாருக்கு நன்றி!) ஆனால் இந்த மலைக்கு இன்னொரு வரலாறும் உண்டு. அதில் ராஜாவும் இல்லை, போரும் இல்லை. இரண்டு பயிர்கள்தான் கதாபாத்திரங்கள். ஒன்று சாமை, இன்னொன்று குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி.

நாமக்கல் மாவட்டத்தில் சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் மலை இது. இங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் (கேரளத்து மலையாளிகள் அல்ல) பல தலைமுறைகளாகச் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு விதைத்தவர்கள். சாமையிலேயே வெள்ளைப்பெருஞ்சாமை, மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை என்று பல ரகங்கள். சில ரகம் சீக்கிரம் விளையும், சிலது தாமதமாக விளையும். மழை ஒரு ரகத்தை ஏமாற்றினாலும் இன்னொன்று கைகொடுக்கும். ஊடே அவரை, துவரை. பயறுச் செடிகளின் வேர் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும். நெருக்கமாக வளரும் பயிர் சரிவில் மழைநீர் மண்ணை அரித்துப் போகாமல் பிடித்துக்கொள்ளும். சூழல்மண்டலம் என்றால் பாடப்புத்தகத்தில் காடு, புலி, மான் படம்தான் போடுவார்கள். இந்த மாதிரி வயலும் ஒரு சூழல்மண்டலம்தான்.

இதை மாற்றியது எது? கோடரி என்று நினைப்போம். பெரிய காரணம் நம் வீட்டுப் பாயசத்தில் மிதக்கும் ஜவ்வரிசி!

மரவள்ளியின் தாயகம் தென் அமெரிக்கா. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து ஜவ்வரிசி இறக்குமதி நின்றுபோக, 1940களில் சேலத்தில் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி தயாரிக்க ஆரம்பித்தார்கள். 1981ல் உற்பத்தியாளர்களுக்கென்று 'சேகோசர்வ்' என்ற கூட்டுறவுச் சங்கமே வந்துவிட்டது. ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டும். அந்தத் தேவை மெல்ல மலைமேலும் ஏறியது.

மலை விவசாயியைக் குறை சொல்ல முடியாது. கிழங்கைப் பிடுங்கி லாரியில் ஏற்றினால் கையில் காசு. சாமையோ அறுத்து முடித்தாலும் வேலை முடியாது. கெட்டியான உமியை நீக்க, பெண்கள் உரலில் போட்டு மணிக்கணக்கில் குத்த வேண்டும். ரேஷன் கடையில் அரிசி கிடைக்கும்போது யார்தான் உலக்கையைத் தூக்குவார்கள்?

ஆனால் மண் கணக்கு வேறு. மரவள்ளியை இடைவெளி விட்டு நடுவதால் ஆரம்ப மாதங்களில் மண் மழைக்குத் திறந்து கிடக்கும். கிழங்கைப் பிடுங்கும்போது மண் மறுபடி கிளறப்படும். சரிவில் மேல்மண் கழுவிப் போகும். கிழங்கு உறிஞ்சும் பொட்டாஷை ஈடுகட்ட உரம் வாங்க வேண்டும். மரவள்ளியைக் குச்சி வெட்டி நடுவதால் தோட்டம் முழுக்க ஏறக்குறைய ஒரே மாதிரிச் செடிகள். நோய்க்கும் பூச்சிக்கும் இது விருந்து.

அந்த விருந்துக்கு ஆள் வந்தது. தென் அமெரிக்க மாவுப்பூச்சி ஒன்று 2020ல் முதன்முதலாக இந்தியாவில், கேரளத்தில் கண்டறியப்பட்டது. பிறகு சேலம், நாமக்கல் பக்கத் தோட்டங்களையும் பிடித்தது. பூச்சி வந்துவிட்டது, ஆனால் அதன் இயற்கை எதிரி கூட வரவில்லை. இதே பூச்சி 1970களில் ஆப்பிரிக்காவை ஆட்டிவைத்தபோது, ஹான்ஸ் ஹெரன் என்ற விஞ்ஞானியின் குழு தென் அமெரிக்காவிலிருந்து ஒரு குட்டிக் குளவியைக் கொண்டுவந்து 1981 முதல் பரப்பியது. அது மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும். அதே குளவியை இந்திய விஞ்ஞானிகள் 2021ல் பெனின் நாட்டிலிருந்து தருவித்து, 2022ல் சேலம் மாவட்டத்தில் விட ஆரம்பித்தார்கள்.

இதற்கிடையே கொல்லிமலையில் இன்னொரு முயற்சியும் நடந்து வந்தது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து மலைமக்களோடு சேர்ந்து பழைய ரகங்களைத் தேடி, கிராம விதை வங்கிகள் அமைத்தது. 'விதையைக் காப்பாற்றுங்கள்' என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. உமி நீக்கும் இயந்திரங்களை ஊருக்குள் வைத்து, மகளிர் குழுக்கள் சாமை அரிசியாகவும் மாவாகவும் விற்க வழி செய்தார்கள். அதாவது, விதையைக் காப்பாற்ற முதலில் உலக்கையை மாற்ற வேண்டியிருந்தது!

எனக்கு இந்த வரலாற்றில் முக்கியமாகப் படுவது இதுதான். காட்டு விதை தானே விழுந்து முளைக்கும். சாமை ரகமோ யாராவது விதைத்து, குத்தி, சமைத்துச் சாப்பிட்டால்தான் அடுத்த வருடமும் இருக்கும். சில வருடம் விதைக்காமல் விட்டால் முளைப்புத்திறன் போய்விடும், ரகமும் போய்விடும். மலையின் சூழல்மண்டலத்தில் மழை, மண், பூச்சியோடு சேலத்து ஆலையும், ரேஷன் அரிசியும், ஒரு பெண்ணின் கைவலியும் சேர்ந்தே இருக்கின்றன.

ஐ.நா. 2023ஐ சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நகரத்துக் கடைகளில் சாமை விலையும் ஏறிவிட்டது. நல்லதுதான். அடுத்த முறை சாமைப் பொங்கல் சாப்பிடும்போது 'உடம்புக்கு நல்லது' என்பதோடு நிறுத்தாமல், அது எந்த மலையில், யார் விதைத்த ரகம் என்றும் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்.