மீள்வரும் குறுங்கால மனச்சோர்வு

பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் கடுமையாக வாட்டி, தானாகவே விலகி, சில வாரங்களில் மறுபடி வரும் மனச்சோர்வு வகை இது. இளம் வயதினரிடையே பரவலாகக் காணப்படுகிறது. எதிலும் நாட்டமின்மை, தூக்கம் கெடுதல், தன்னை எதற்கும் ஆகாதவராக எண்ணுதல், செத்துவிடலாம் என்ற நினைப்பு எனப் பெரும் மனச்சோர்வின் அறிகுறிகள் எல்லாம் இதிலும் உண்டு. ஆனால் அந்நோய் என்று முடிவுகட்ட, அறிகுறிகள் குறைந்தது 2 வாரம் நீடிக்க வேண்டும். இந்த வரையறையால் குறுங்காலச் சோர்வு நெடுநாள் கணக்கில் வராமலே இருந்தது.

அதைக் கணக்கில் கொண்டுவந்தவர் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் யூல்ஸ் ஆங்ஸ்ட். சூரிச் மாநிலத்தில் 1978இல் ஆய்வைத் தொடங்கி, இருபது வயதை ஒட்டிய 591 பேரை அவரது குழு பல ஆண்டுகள் தொடர்ந்து நேர்கண்டது. சிகிச்சைக்கு வந்தவர்களோடு நிற்காமல், ஊரில் வாழும் இளைஞர்களையே கேட்டதால்தான், படிப்பையும் வேலையையும் முடக்கும் சில நாள் சோர்வு பலருக்குத் திரும்பத் திரும்ப வருவது தெரிந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 10ஆவது நோய் வகைப்பாடு இதற்கு இடம் தந்தது. அமெரிக்க மனநலக் கையேடு 1994இல் மேலாய்வுக்குரியதாகப் பின்னிணைப்பில் வைத்தது. அதன் 2013ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, சோர்வு ஒவ்வொரு முறையும் 2 முதல் 13 நாள் வரை நீடிக்க வேண்டும். மாதம் ஒரு முறையாவது, தொடர்ந்து 12 மாதம் வந்திருக்க வேண்டும். மாதவிடாய்ச் சுழற்சியோடு மட்டும் ஒட்டி வருவது இதில் சேராது.

திங்கட்கிழமை சாப்பிடக் கூப்பிட்டாலும் பதில் பேசாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கும் மாணவி, வியாழக்கிழமை தலைவாரிக்கொண்டு வகுப்புக்குக் கிளம்பிவிடுகிறாள். வீட்டார் சோம்பல் என்கிறார்கள், வயசுக்கோளாறு என்கிறார்கள். மருத்துவரைப் பார்க்கும் நாளில் அவளிடம் சோர்வின் சுவடே இருப்பதில்லை. சில நாளில் போய்விடுவதால் லேசானது என்று எண்ணுவது பெரும் தவறு. தற்கொலை முயற்சிகள் இதிலும் குறைவில்லை. பெரும் மனச்சோர்வும் சேர்ந்தவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

உறுதிப்பட்ட மருந்து இதுவரை இல்லை. 1994இல் வெளியான ஓர் ஆய்வில் ஃபுளூவாக்ஸெட்டின் மாத்திரை, மருந்தில்லாப் போலி மாத்திரையைவிடக் கூடுதல் பலன் தரவில்லை. நோயை அடையாளம் காண மருத்துவர் கடந்த இரு வாரத்தோடு நிற்காமல் ஓராண்டு நிலவரத்தைக் கேட்க வேண்டும். இடையில் மிகை உற்சாக நாட்கள் வந்தனவா என்றும் விசாரிக்க வேண்டும், ஏனெனில் அத்தகைய நாட்களும் வரும் இருமுனைக் கோளாறுக்குச் சிகிச்சை வேறு. சோர்வு வந்த தேதி, விட்ட தேதி, தூக்கம், மாதவிடாய் ஆகியவற்றை நாட்குறிப்பில் எழுதிவைத்தால் நினைவை நம்பியிருக்க வேண்டியதில்லை. சாகும் எண்ணம் வெளிப்பட்டால், நாளைக்குச் சரியாகிவிடும் என்று காத்திராமல், தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்.