மைக்கொம்புச் சொற்களும் முதல் ஆங்கில அகராதியும்

ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே பொருள் கூற எழுந்த முதல் அகராதி, மக்கள் நாள்தோறும் வழங்கிய சொற்களை விளக்க எழுந்ததன்று. அவர்களுக்கு விளங்காத அருஞ்சொற்களை விளக்க எழுந்தது. தாய்மொழிச் சொற்களுக்கே உரை தேவைப்பட்ட இவ்விந்தை நிலை எவ்வாறு நேர்ந்தது?

பதினாறாம் நூற்றாண்டிலே இலத்தீனும் கிரேக்கமும் கற்ற இங்கிலாந்து அறிஞர் தம் மொழியில் எழுதப் புகுந்தபோது, அப்பழைய மொழிகளினின்றும் எண்ணற்ற சொற்களை எடுத்தாண்டனர். அக்காலத்தில் மையை விலங்கின் கொம்பில் ஊற்றி வைத்து எழுதுவர். ஆதலின், புலமை காட்டவே புனைந்தவை என்று தோன்றியவற்றை 'மைக்கொம்புச் சொற்கள்' என எதிர்ப்பாளர் எள்ளினர். தோமஸ் வில்சன் 1553இல் வெளியிட்ட அணியியல் நூலில், பதவி வேண்டி ஒருவன் எழுதியதாக இத்தகைய சொற்கள் மலிந்த கேலிக் கடிதமொன்று உண்டு. அதிலுள்ள 'இன்ஜென்ற்', 'ஒப்ரெஸ்ரேற்' என்பன இன்று வழக்கில் இல்லை; முன்னது மிகப் பெரியது என்றும், பின்னது இறைஞ்சுதல் என்றும் பொருள்படும். ஆனால் அதே கடிதத்தில் நகைப்புக்கென வைத்த 'செலிப்றேற்', 'டெக்ஸ்ரெறிற்றி' என்பவற்றை இன்று பள்ளி மாணவனும் தயக்கமின்றி எழுதுகின்றான். வில்சனின் நகைப்பிற் பாதி வீணாயிற்று.

கேம்பிறிட்ஜிற் கிரேக்கப் பேராசிரியராயிருந்த சேர் ஜோன் சீக் மறுகோடிக்குச் சென்றவர். மத்தேயு சுவிசேஷத்தை மொழிபெயர்த்தபோது, நூற்றுவர் தலைவனை 'ஹண்ட்றடர்' என்றும், சந்திரனாற் பித்தேறியவனை 'மூண்ட்' என்றும் தூய ஆங்கிலத்தில் எழுதினார். அவையும் நிலைக்கவில்லை. தனித்தமிழ் பற்றி வாதிடும் இரு திறத்தாரும் நோக்கத்தக்க செய்தி இது.

இவ்வறிஞர் பூசலில் எவரும் எண்ணாத ஒரு கூட்டத்தாரை எண்ணியவர் றொபேட் கோட்றி என்னும் ஆசிரியர். இவர் ஓக்கம் என்னும் ஊரிற் கற்பித்துப் பின்னர் குருவானவர். திருச்சபையின் சடங்குமுறைகளுக்கு இணங்காமையாற் பதவி பறிக்கப்பட்டவர். இலண்டனில் ஆசிரியராயிருந்த மகன் தோமஸின் துணையுடன் 1604இல் ஏறக்குறைய 2,500 சொற்கொண்ட சிறு நூலை வெளியிட்டார். யாருக்காக? வேதாகமத்திலும் பிரசங்கங்களிலும் கடுஞ்சொற்களைக் கேட்டு மயங்கும் பெண்களுக்கும் கல்லாதாருக்கும் என அதன் முகப்பே கூறுகின்றது. இலத்தீன் கற்பித்த பள்ளிகளின் கதவு பெண்களுக்குப் பெரும்பாலும் அடைபட்டிருந்தது. தம் மொழியிலேயே நிகழும் பிரசங்கத்தைப் பாதி விளங்காமற் கேட்டிருப்பது எத்துணைக் கொடுமை! கோட்றி தம் முன்னுரையிற் போதகரை எளிமையாகப் பேசுமாறு வேண்டுகிறார். அவ்வுரையிற் பெரும்பகுதி வில்சனிடமிருந்து, அவர் பெயரைச் சொல்லாமலே எடுத்தது. அதனை ஈண்டு மறைத்தல் முறையன்று.

அகராதி பார்க்கும் வகையையும் அவர் கற்பிக்க வேண்டியிருந்தது. சொல் முதலெழுத்தில் தொடங்கினால் நூலின் தொடக்கத்திலும், 'வி' எழுத்தில் தொடங்கினால் இறுதிப்பகுதியிலும் தேடுக என்கிறார். நிகண்டுகளை மனனஞ் செய்த தமிழ் மாணவருக்கும், வீரமாமுனிவர் 1732இல் இயற்றிய சதுரகராதி இத்தகைய புதுமையாகவே தோன்றியிருத்தல் கூடும்.

பின்வந்தோர் அருமையையே பெருமையாகக் கொண்டனர். ஹென்றி கொக்கறம் 1623இல் வெளியிட்ட அகராதியில் 'அசெர்செக்கோமிக்' என்றொரு சொல் உண்டு; ஒருபோதும் முடி வெட்டாதவன் என்பது பொருள். அகராதிக்கு வெளியே அச்சொல்லுக்கு வாழ்வு இருந்ததாகத் தெரியவில்லை. அன்றாடச் சொற்களையும் பெருமளவிற் சேர்த்த ஆங்கில அகராதி 1702இலேயே வெளிவந்தது.

கோட்றியின் நூல் 1617க்குள் நான்கு பதிப்புக் கண்டது. முதற் பதிப்பின் பிரதிகளுள் எஞ்சியது ஒன்றே. அது ஒக்ஸ்போட்டிலுள்ள பொட்லியன் நூலகத்தில் இருக்கின்றது.