ஆவணம் இல்லாத பிள்ளைகள்

அமெரிக்காவில் ஆவணங்கள் இல்லாமல் வாழும் மெக்சிகர்கள் என்றதும், இரவில் பாலைவனத்தைக் கடந்து கூலி வேலை தேடி வரும் ஆண்கள்தான் நம் நினைவுக்கு வருவார்கள். ஆனால் கைக்குழந்தைகளாகவும் நான்கைந்து வயதுச் சிறுவர்களாகவும் பெற்றோருடன் வந்தவர்களும் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். எல்லையைத் தாண்டும் முடிவை எடுத்தவர்கள் இவர்கள் அல்லர். இவர்களுக்கு இந்த நிலை எப்படி வந்தது என்று பார்ப்போம்.

வந்து போனவர்கள் தங்கியது ஏன்?

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் பண்ணைகளில் ஆள் பற்றாக்குறை ஏற்பட்டது. அதனால் 1942-ல் மெக்சிகோவுடன் 'பிரசேரோ' என்ற ஒப்பந்தக் கூலித் திட்டம் தொடங்கப்பட்டது. அறுவடைக் காலத்தில் வந்து, வேலை முடிந்ததும் ஊர் திரும்புவார்கள். இத்திட்டம் 1964-ல் முடிந்தது. 1965-ம் ஆண்டுச் சட்டம் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வரும் குடியேறிகளுக்கு முதன்முதலாக உச்சவரம்பு வைத்தது. 1976-ல் அது நாட்டுக்கு ஆண்டுக்கு 20,000 பேர் என்று சுருங்கியது. பண்ணைகளின் தேவையோ குறையவில்லை. அதே ஆட்கள் அதே வயலுக்குத்தான் வந்தார்கள். ஆனால் இப்போது சட்டத்தின் கண்ணில் குற்றவாளிகள் ஆனார்கள்.

1986-ல் ரீகன் காலத்துச் சட்டம் சுமார் 27 லட்சம் பேருக்குச் சட்டபூர்வ அந்தஸ்து அளித்தது. கூடவே, ஆவணம் இல்லாதவர் என்று தெரிந்தே வேலைக்கு வைப்பதையும் தடை செய்தது. 1994-ல் சான் டியேகோ எல்லையில் காவல் பலமானது. கடப்பது ஆபத்தாகவும் செலவாகவும் ஆனதால், முன்பு வந்து போனவர்கள் அங்கேயே தங்கி மனைவி மக்களை வரவழைத்துக் கொண்டார்கள். உள்ளே வராமல் தடுக்கப் போட்ட காவல், உள்ளே இருந்தவர்களை வெளியே போகவிடாமல் செய்துவிட்டது என்கிறார் சமூகவியலாளர் டக்ளஸ் மாசி.

பள்ளி வரை ஒரு வாழ்க்கை

டெக்சாஸ் மாநிலம் 1975-ல் இத்தகைய பிள்ளைகளின் படிப்புக்கு நிதி தர மறுத்தது. டைலர் நகரப் பள்ளிகள் ஆண்டுக்கு 1,000 டாலர் கட்டணம் கேட்டன. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. பெற்றோரின் செயலுக்குப் பிள்ளைகளைத் தண்டிக்கக் கூடாது என்று 1982-ல் 5-4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. அன்று முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அவர்களுக்குப் பள்ளிக் கதவு திறந்திருக்கிறது. அதற்குப் பின்?

சமூகவியலாளர் ராபர்ட்டோ கொன்சாலெஸ் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் இத்தகைய 150 இளைஞர்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து ஆய்வு செய்து 2016-ல் நூலாக வெளியிட்டார். பதினாறு வயது வாக்கில் நண்பர்கள் ஓட்டுநர் உரிமம் வாங்குவார்கள், பகுதிநேர வேலைக்குப் போவார்கள். எல்லாவற்றுக்கும் சமூகப் பாதுகாப்பு எண் வேண்டும். தன்னிடம் அது இல்லை என்பது பலருக்கு அப்போதுதான் உறைக்கிறது. அதுவரை தன்னை அமெரிக்கன் என்றே நினைத்தவன், நண்பர்களிடம் பொய்க் காரணங்கள் சொல்லப் பழகுகிறான்.

இதைவிட முக்கியமான முடிவு ஒன்று உண்டு. பள்ளியோடு நின்றவர்களும் கல்லூரி முடித்தவர்களும் முப்பதை நெருங்கும்போது ஒரே மாதிரியான குறைந்த கூலி வேலைகளில்தான் இருந்தார்கள். படிப்பு, திறமை எல்லாவற்றையும் ஆவணம் இல்லாத நிலை விழுங்கிவிட்டது.

சட்டமும் இழுபறியும்

இவர்களுக்கு வழிகாட்ட 2001-ல் முன்மொழியப்பட்ட 'டிரீம்' மசோதா, 2010-ல் கீழவையில் நிறைவேறியும் செனட்டில் தேவையான 60 வாக்குகளுக்குப் பதில் 55 மட்டுமே பெற்று வீழ்ந்தது. 2012-ல் ஒபாமா கொண்டுவந்த 'டாக்கா' திட்டம் இரண்டாண்டு வேலை அனுமதி தந்தது. பயன்பெற்ற எட்டு லட்சத்துக்கும் அதிகமானோரில் பெரும்பான்மையினர் மெக்சிகர்களே. 2017-ல் டிரம்ப் அரசு இதை முடிக்க முயன்றது. ரத்து செய்த முறை சரியில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. ஆனால் இத்திட்டம் குடியுரிமை தருவதில்லை. மேலும் 2007 ஜூன் 15-க்கு முன் வந்து சேர்ந்தவர்களுக்கே இது பொருந்தும். ஆகவே அதற்குப் பின் வந்த குழந்தைகள் இப்போது பள்ளியை முடித்து, டாக்காவுக்கு முந்தைய தலைமுறை நின்ற அதே இடத்தில் நிற்கிறார்கள்.

ஒரு நாடு ஒரு குழந்தைக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் தன் மொழியையும் வரலாற்றையும் கற்பித்துவிட்டு, பதினெட்டு வயதில் நீ எங்கள் ஆள் இல்லை என்கிறது. இதில் அந்தப் பிள்ளைக்கு மட்டுமா நட்டம்?