வெற்றிக்கு வழி சொல்லும் தொழில்

வழக்கறிஞர்கள் மாநாடு கூட்டுவதை நாம் அறிவோம். மருத்துவர்கள் கூட்டுவதையும் அறிவோம். பிறரைத் தேர்தலில் வெல்லச் செய்வதையே தொழிலாகக் கொண்டோர் சங்கம் அமைத்துக் கூடிப் பேசுவார்கள் என்றால் நம் பாட்டனார் நகைத்திருப்பர். 1968-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் அத்தகைய சர்வதேசச் சங்கமொன்று தோன்றியது. அதை நிறுவியவர் இருவர். பிரெஞ்சுக்காரரான மிஷேல் போங்ரான், 1965-இல் லெகானுவே என்ற அபேட்சகருக்குப் பிரசாரம் வகுத்தவர். அத்தேர்தலில் தெகோல் முதற் சுற்றிலேயே வெல்ல இயலாமற் போயிற்று. மற்றவர் ஜோசப் நெப்போலிடன் என்ற அமெரிக்கர். அவர் 1968-இல் ஹம்ஃப்ரிக்காக உழைத்துத் தோல்வி கண்டவர். தோற்றவரும் ஆசானாகலாம் என்பது இத்தொழிலின் ஒரு விந்தை!

ஆயினும் தொழில் சங்கத்தினும் மூத்தது. 1933-இல் கலிபோர்னியாவில் கிளெம் விட்டேக்கர், லியோன் பாக்ஸ்டர் என்னும் இருவர் இதற்கெனவே ஒரு நிறுவனம் தொடங்கினர். பின்னர் அவர்கள் மணந்து கொண்டனர். அதுவரை கட்சித் தலைவர்களும் தொண்டர்களும் செய்துவந்த வேலையை இவர்கள் கூலி பேசிச் செய்தனர். முதலில் தம் தரப்புக்குரிய திட்டத்தை எழுதுவர். பிறகு எதிரியின் இடத்தில் தம்மை வைத்து, அவன் என்ன செய்யக்கூடும் என்பதையும் எழுதுவர். சதுரங்கம் ஆடுவோர்க்கு இது புதிதன்று.

1934-இல் நாவலாசிரியர் அப்டன் சிங்க்ளேர் அம்மாநிலக் கவர்னர் பதவிக்கு நின்றார். வறுமையை ஒழிப்பதே அவருடைய திட்டம். அதை எதிர்த்து வாதிடுவதைவிட அவர் எழுதிய நூல்களைப் புரட்டுவது எளிதாயிருந்தது. அவருடைய கதாபாத்திரங்கள் பேசியவற்றை எடுத்து, அவரே சொன்னவைபோல் மக்கள்முன் வைத்தனர். பத்திரிகையின் முதற் பக்கத்திலும் அத்தகைய வாசகங்கள் வெளிவந்தன. சிங்க்ளேர் தோற்றார். கதையில் வில்லன் பேசுவதற்குக் கதாசிரியனைத் தண்டிப்பது எவ்வளவு பெரிய அநியாயம்!

இதனினும் நம்மைச் சிந்திக்கவைப்பது ஏர்ல் வாரனின் கதை. 1942-இல் அவர் கவர்னராக வெற்றி பெற இத்தம்பதியர் துணைநின்றனர். 1945-இல் அவர் மாநில மக்கள் யாவருக்கும் மருத்துவ இன்ஷூரன்ஸ் கொண்டுவர முயன்றபோது, மருத்துவர் சங்கம் இவர்களையே அமர்த்தியது. நேற்று வாரனை நல்லவரென்று நிறுவிய அதே எழுதுகோல் இன்று அவர் திட்டத்தை ஆபத்தென்று நிறுவியது. திட்டம் வீழ்ந்தது. வழக்கறிஞரும் இப்படித்தான் கட்சி மாறுவார் எனலாம். ஆனால் வழக்கறிஞருக்கு எதிரே ஒரு நீதிபதி இருக்கிறார், எதிர்த்தரப்பின் குறுக்கு விசாரணையும் உண்டு. பிரசாரக்காரருக்கு எதிரே இருப்பவர் நோயுற்ற பிள்ளையை மருத்துவரிடம் எடுத்துச் செல்லக் காசில்லாத தகப்பனார். எவர் கூலி கொடுத்து அந்த வாசகத்தை எழுதுவித்தார் என்பதைக்கூட அவர் அறியமாட்டார்.

ஜனாதிபதி ட்ரூமன் அதே எண்ணத்தை நாடு முழுமைக்கும் எடுத்துச் சென்றபோது, அமெரிக்க மருத்துவர் சங்கமும் இவ்விருவரைத்தான் நாடிற்று. ட்ரூமனின் திட்டமும் சட்டமாகவில்லை.